கடைசிக் குழாயிலும் நல்ல தண்ணீர் வரட்டும்

2022 டிசம்பர் கடைசி வாரம். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் ஆதிதிராவிடர் குடியிருப்புக் குழந்தைகள் சிலருக்குக் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. குடிதண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொல்லியனுப்பினார்கள். 26-ஆம் தேதி மக்கள் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். உள்ளே மனித மலம் கிடந்தது.

அதன்பின் நடந்ததை நாடே அறியும். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. மக்கள் அதை ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். அந்த வழக்கை விட்டு, நாம் இங்கே வேறொன்றைப் பேச வேண்டியிருக்கிறது. தண்ணீர் கெட்டுப்போனதை அந்த ஊரில் முதலில் சொன்னது எந்தப் பரிசோதனைக்கூடமும் அல்ல, குழந்தைகளின் வயிறு.

வேங்கைவயல் ஒரு கொடுமை. ஆனால் யாரும் தொட்டியில் ஏறாமலேயே நம் காலனிகளின் தண்ணீரில் கழிவு கலக்கிறது. ஊரில் தொடங்கும் குழாய் பெரும்பாலும் நம் தெருவில்தான் முடிகிறது. வாலில் இருக்கும் தெருவுக்குத் தண்ணீர் வேகம் குறைவு. எனவே குழி தோண்டி, குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிக் குடத்தை வைக்கிறோம். பக்கத்தில் சாக்கடை. மழை பெய்தால் அந்தக் குழி நிரம்புகிறது. தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் இல்லாமல் போகிறது. வெடிப்பு வழியே வெளியில் நிற்கும் கழிவுநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. மறுநாள் முதல் குடத்தில் வருவது அதுதான்.

உலகில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 4.4 லட்சம் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. நல்ல தண்ணீரும் கழிப்பறையும் சோப்பும் இருந்தால் இதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். பிழைத்த குழந்தையும் அடிக்கடி பேதியானால் தின்றது உடம்பில் ஒட்டாது. எடை கூடாது, வளர்த்தி நின்றுபோகும்.

இப்படி ஒரு குழந்தை படுத்தால், “காய்ச்சிக் குடிக்கக் கூடாதா?” என்று தாயைத்தான் கேட்கிறார்கள். காய்ச்சுவது நல்லதே. ஆனால் விடியற்காலை வேலைக்குப் போகும் பெண் தினமும் குடம் குடமாகக் காய்ச்ச அடுப்புக்கும் நேரத்துக்கும் எங்கே போவாள்? நான்கு குடத்தில் வீட்டை நடத்துகிறவர் முதலில் மிச்சம் பிடிப்பது கை கழுவும் தண்ணீரைத்தான். அரசு கட்டித் தந்த கழிப்பறையில் விறகு அடுக்கியிருப்பதற்கும் காரணம் இதுவே. ஊற்றத் தண்ணீர் இல்லை. தண்ணீர் சுத்தமாக இருப்பது போலவே போதுமான அளவு வருவதும் நோய்த்தடுப்புதான்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. பிள்ளை மலம்தானே என்று வாசலில் எறியக் கூடாது. அதிலும் அதே கிருமிதான். கழிப்பறையில் போட்டுவிட்டு சோப்பால் கை கழுவ வேண்டும். பேதி கண்டால் உடனே ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கிராம சுகாதார செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாளும் கொடுங்கள். கண் குழி விழுந்தாலும், குழந்தை சோர்ந்து கிடந்தாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

இனி கேட்க வேண்டியது. குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தொட்டி அடியில் பிடித்துப் பார்த்தால் அது இருக்கும். காலனியின் கடைசிக் குழாயில் இருக்கிறதா என்பதே கேள்வி. இரண்டு சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் எளிய சோதனைதான் அது. நம் கண்முன் செய்யச் சொல்வோம். தொட்டி கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதச் சொல்வோம். மூடிக்குப் பூட்டு, வெடித்த குழாய்க்கு மாற்று, குழிக்குழாய் இல்லாத அளவுக்கு அழுத்தம் ஆகியவற்றைத் தீர்மானமாகவே கொண்டு வருவோம். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கூடும் கிராமசபையே அதற்குச் சரியான இடம்.

1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பொதுக் கிணறும் குளமும் எல்லோருக்கும் உரியவை என்று அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு பின்னர் எழுதியது. நாம் பயன்படுத்தும் நீரைக் கெடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தண்ணீரைத் தொடும் உரிமையை அன்று வென்றோம். அந்தத் தண்ணீர் நம் பிள்ளையைப் படுக்கையில் தள்ளாமல் இருக்க வேண்டும் என்பதும் அதே உரிமைதான். அடுத்த கிராமசபைக்குப் போகும்போது கடைசிக் குழாயில் பிடித்த ஒரு பாட்டில் தண்ணீரையும் கொண்டு போவோம்.