தவக்குல்: முயற்சியும் ஒப்படைப்பும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை திருமுல்லைவாயில் தெருக்களில் வெள்ளமாய் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். வாசலுக்கு நீர் வரும்போது மனிதனின் ஆற்றல் எவ்வளவு சிறிதென்பது விளங்குகின்றது. அதற்காக முயற்சியைக் கைவிடலாமா?

622இல் ஹிஜ்ரத் புறப்பட்ட அண்ணலார் (ஸல்) அவர்கள் அல்லாஹ்வையே முழுமையாக நம்பியவர்கள். எனினும், மதீனா வடக்கே இருக்க, பகைவரின் தேடலைத் தவிர்க்கத் தெற்கே தௌர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். பாதை அறிந்த ஒருவரை, அவர் முஸ்லிமல்லாதவராயினும், கூலிக்கு அமர்த்தினார்கள். பகைவர் குகைவாயிலை நெருங்கியபோதோ, கலங்கிய அபூபக்ர் (ரலி) அவர்களைத் தேற்றினார்கள். நம்பிக்கை முயற்சியைத் தடுக்கவில்லை. முயற்சி முடிந்த இடத்தில் அச்சமும் இல்லை.

எனவே அன்புச் சகோதர சகோதரிகளே, மழைக்கு முன்பே பத்திரங்களை உயரத்தில் வையுங்கள். முதியோரை மேட்டுப்பகுதிக்கு அனுப்புங்கள். பின்னர் விளைவை அவனிடம் ஒப்படைத்து அமைதி கொள்ளுங்கள். அவ்வுறுதியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.