ஒரு ‘க்’ படுத்திய பாடு!

காப்பி-பேஸ்ட்டை நம்பி ஒரு ராத்திரி தூக்கத்தைத் தொலைச்ச கதையும், அதில் கத்துக்கிட்ட ‘கிளோன்’ ரகசியமும்...

ராத்திரி ஒன்பது மணி. காரைக்கால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. விடிஞ்சா எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியம். பென் டிரைவை நீட்டிட்டு, ‘அப்பாடா... வேலை முடிஞ்சுது’ன்னு ஸ்டூலில் சாய்ஞ்சேன். கடைக்கார அண்ணன் ஃபைலைத் திறந்தார். உத்துப் பார்த்தார்.

‘‘ஏன் தம்பி, ஊர் பேர்ல ஒரு ‘க்’கைக் காணோமே?’’

தூக்கிவாரிப் போட்டது! ‘காரைக்கால்’னு இருக்க வேண்டிய இடத்தில் ‘காரைகால்’! இந்த ஊர்லயே படிச்சுட்டு, இந்த ஊர் பேரையே தப்பாப் போட்டா சும்மா விடுவாங்களா?

தப்பு ஒரே இடத்தில் இருந்தா பரவாயில்லை. ஆனி மாசம் மாங்கனித் திருவிழா நடக்கிற ஊராச்சே... அதனால எங்க சிம்போசியத்துக்கு மாம்பழத்துக்குள்ள சர்க்யூட் ஓடுற மாதிரி ஒரு எம்பளம் வரைஞ்சிருந்தேன். அதைச் சுத்தித்தான் ஊர் பேர். அந்த எம்பளம் 120 பேட்ஜ், 60 சர்டிஃபிகேட், 4 போஸ்டர், ஒரு மேடை பேனர்னு மொத்தம் 185 இடத்தில் உட்கார்ந்திருந்தது. எல்லாமே கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி!

‘‘ஒண்ணொண்ணா மாத்தப் போறியா?’’ன்னு அண்ணன் கேட்டப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. பிரின்ட்டிங் செலவு எங்க சொந்தக் காசு. ஜூனியர் பசங்ககிட்டயும் ஆளுக்கு இருநூறு வாங்கியிருந்தோம். தப்போட அடிச்சா அத்தனையும் குப்பை!

விடிகாலை மூணு மணி வரைக்கும் பழசை அழி, புதுசை ஒட்டு, சைஸ் சரி பண்ணு... இதே வேலை. ஒருவழியா முடிச்சு, பிரின்ட் எடுத்து, குளிக்காமலே மேடைக்கு ஓடினேன். சீஃப் கெஸ்ட் வந்தார். தன் பேட்ஜைக் கையில் எடுத்துப் பார்த்துட்டு மெதுவா சிரிச்சார். ‘‘தம்பி... ஒரு ‘க்’ குறையுதே!’’

ஆமாம், அவர் பேட்ஜ் மட்டும் தனி ஃபைல். அதை மறந்தே போயிட்டேன்!

அண்ணன் எடுத்த கிளாஸ்

மறுவாரம் பாக்கிக் காசைக் கொடுக்கப் போனேன். ‘‘டீ சாப்பிடு, ஒண்ணு காட்டுறேன்’’னு உட்கார வெச்சார். ஸ்கிரீனில் ஒரு மாம்பழம் வரைஞ்சார். அதிலிருந்து இருபது மாம்பழம் உண்டாக்கினார். அப்புறம் முதல் மாம்பழத்தை மட்டும் பச்சையாக்கினார். அட... இருபதும் பச்சை! அதுக்கு ஒரு இலை வெச்சார். இருபதுக்கும் இலை!

‘‘நீ பண்ணினது ஜெராக்ஸ். எடுத்த உடனே அசலுக்கும் நகலுக்கும் உறவு முடிஞ்சுது. இது கண்ணாடியில தெரியுற பிம்பம் மாதிரி. அசல் எப்படியோ, அப்படியே இதுவும்’’னார். நாலு செமஸ்டரில் எனக்குப் புரியாத விஷயம் ஒரு டீக்குள் புரிஞ்சது!

ஒவ்வொரு சாஃப்ட்வேரும் இதுக்கு ஒவ்வொரு பேர் வெச்சிருக்கு. கோரல் டிராவிலும் அடோபி இல்லஸ்ட்ரேட்டரிலும் ‘சிம்பல்’. ஃபிக்மாவில் ‘கம்போனென்ட்’. காசே கொடுக்காமல் இறக்கிக்கிற இங்க்ஸ்கேப்பில் ‘கிளோன்’. பேர்தான் வேற, சங்கதி ஒண்ணுதான். படம் ஒரே இடத்தில் இருக்கும். மத்த இடங்களில் ‘அந்தப் படத்தை இங்கே, இந்த அளவில் காட்டு’ங்கிற குறிப்பு மட்டும்தான். அதனால் ஃபைலும் தேவையில்லாமல் வீங்காது.

காலேஜ் பசங்களுக்கு என் சிபாரிசு இங்க்ஸ்கேப்தான். 2003-லிருந்து இருக்கிற ஃப்ரீ சாஃப்ட்வேர். திருட்டு சி.டி. தேட வேண்டாம், லைசென்ஸ் பயமும் வேண்டாம். பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

அறுபது வருஷத்துப் பழசு!

இது ஏதோ புதுசுன்னு நினைச்சேன். தேடிப் பார்த்தா, நம்ம தாத்தா காலத்துச் சமாச்சாரம்! 1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்கிற மாணவர் பிஎச்.டி.க்காக ‘ஸ்கெட்ச்பேட்’னு ஒரு புரோகிராம் எழுதினார். டிஎக்ஸ்-2 என்கிற கம்ப்யூட்டர் திரையில் லைட் பென்னை வெச்சு நேரடியாகப் படம் வரையலாம். அதில்தான் ‘மாஸ்டர்’, ‘இன்ஸ்டன்ஸ்’ என்கிற பிரிவைக் கொண்டுவந்தார். மாஸ்டரை மாத்தினா இன்ஸ்டன்ஸ் எல்லாம் மாறும்.

அவர் அறுகோணங்களை அடுக்கி, தேன்கூடு மாதிரி ஒரு டிசைன் போட்டார். 900 அறுகோணங்கள்! யோசிச்ச நேரத்தையும் சேர்த்து அரை மணி நேரம் ஆச்சாம். கையால் வரைகிறவர்கள் இதுக்கு ரெண்டு நாள் ஆகும்னு சொன்னாங்களாம். அப்புறம் அறுகோணத்துக்குப் பதில் அரைவட்டத்தை வெச்சார். மொத்த டிசைனும் மீன் செதில் மாதிரி மாறிடுச்சு! கடற்கரை ஊர்க்காரனான எனக்கு இதைவிட நல்ல உதாரணம் வேணுமா? ஒரு செதிலை மாத்தினா முழு மீனும் மாறுது! சதர்லேண்டுக்கு 1988-ல் டூரிங் விருது கிடைச்சது.

என்னைக் கவுத்த அந்த ‘க்’குக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தமிழ் ஃபான்ட் வரையும்போது 18 மெய்யெழுத்துக்கும் தனித்தனியாப் புள்ளி வைக்க வேண்டாம். ஒரே ஒரு புள்ளியை வரைஞ்சு, பதினெட்டிலும் இணைச்சுடலாம். புள்ளி சின்னதாத் தெரிஞ்சா அந்த ஒண்ணைப் பெரிசாக்கினால் போதும். ‘கெ’, ‘கொ’ எல்லாத்திலும் வர்ற கொம்புக்கும் இதே டெக்னிக்தான்.

செஞ்சு பாருங்க...

* இங்க்ஸ்கேப்பில் எம்பளத்தை வரைஞ்சு, கன்ட்ரோல்+ஜி அடிச்சு குரூப் பண்ணுங்க.

* ஆல்ட்+டி அடிச்சா கிளோன் ரெடி. அசலுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும், இழுத்து நகர்த்துங்க. சின்னதாக்கலாம், பெரிசாக்கலாம், திருப்பலாம்.

* அசல் எதுன்னு மறந்துபோச்சா? கிளோனைத் தொட்டு ஷிஃப்ட்+டி அடிங்க, காட்டிக் கொடுக்கும்.

* அசலைப் பேப்பருக்கு வெளியே ஓரமா வெச்சுடுங்க. அசலை நகர்த்தினா கிளோன்களும் கூடவே நகரும். ஜாக்கிரதை!

* ஒரு கிளோன் மட்டும் வேற மாதிரி வேணுமா? ஷிஃப்ட்+ஆல்ட்+டி அடிச்சு உறவை வெட்டுங்க. வெட்டினா வெட்டினதுதான், அப்புறம் அசல் மாறினாலும் அது மாறாது.

* கிளோன் வேலை செய்வது ஒரே ஃபைலுக்குள் மட்டும். 2022-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்து ஒரே ஃபைலில் பல பக்கங்கள் வைக்கலாம். பேட்ஜ், சர்டிஃபிகேட் எல்லாத்தையும் அதிலேயே அடக்கிடுங்க. சீஃப் கெஸ்ட் பேட்ஜையும்தான்!

* பேட்ஜில் பேர் ஆளுக்கு ஆள் மாறும். அதை கிளோன் பண்ணாதீங்க, தனி எழுத்தா வைங்க. கடைசியில் பி.டி.எஃப். ஆக்கி எடுத்துட்டுப் போங்க.

ஒரு எச்சரிக்கை

சுகம் இருக்கிற இடத்தில் ஆபத்தும் இருக்கு. ஒண்ணைத் திருத்தினா எல்லாம் திருந்தும்னா, ஒண்ணைக் கெடுத்தா எல்லாம் கெடும்தானே? காப்பி-பேஸ்ட்டில் 184 திருத்தி ஒண்ணை விட்டேன். கிளோனில் அசலில் ‘க்’ விட்டா 185-லும் ‘க்’ இருக்காது. அதனால் அசலை மட்டும் ரெண்டு பேர் எழுத்துக்கூட்டிப் படிங்க. 185 இடத்தைப் பார்க்க முடியாது, ஒரு இடத்தைப் பார்க்க முடியும். மிச்சமாகிறது நேரம் மட்டுமில்லை, கவனமும்தான்!

அண்ணன் சொன்ன இன்னொண்ணும் மனசில் நிக்குது. ‘‘கம்ப்யூட்டரைத் தொடுறதுக்கு முன்னாடி, ‘இதுல எது திரும்பத் திரும்ப வரும், நாளைக்கு எது மாறும்’னு யோசி. அப்புறம் வரை.’’ புரோகிராமிங் கிளாஸில் ‘ஃபங்ஷன்’னு ஒண்ணு நடத்தினாங்களே... அதே கதை!

இந்த வருஷமும் சிம்போசியம் வந்தது. டிசைன் பொறுப்பு ஜூனியர்களுக்கு, மேற்பார்வை நான். முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்கு, எம்பளத்தில் டிபார்ட்மென்ட் பேரை மாத்தணும்னு தகவல். பசங்க முகம் வெளிறிப்போச்சு. அசலைத் திறந்து மாத்தினோம். ரெண்டு பேர் படிச்சோம். சேவ். ஒரு நிமிஷம்கூட ஆகலை!

‘‘அண்ணே, இனிமே என்ன பண்றது?’’ன்னு கேட்டான் ஒருத்தன்.

‘‘போய்த் தூங்குடா!’’ன்னேன். போன வருஷம் எனக்கு யாரும் சொல்லாத வார்த்தை அது.