சீமைக்கருவேலத்தைத் தூரோடு எடுப்போம்
(வானொலி உரை)

தாம்பரத்துக்குத் தெற்கேயும் மேற்கேயும், வண்டலூர், மணிமங்கலம், படப்பைப் பக்கம் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பதைப் பார்க்கிறோம். "போன வருஷம்தான் ஏலம் விட்டு வெட்டினோம். இப்போ முன்னைவிட அடர்த்தியா நிக்குதே, ஏன் சார்?" என்று பலரும் கேட்கிறீர்கள். அதற்குத்தான் இன்று பதில் சொல்லப் போகிறேன்.

எங்கிருந்து வந்தது?

இது மெக்சிகோ, பெரு போன்ற நாடுகளின் மரம். 1877 வாக்கில் ஜமைக்கா தீவிலிருந்து விதை தருவித்து, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த கடப்பைப் பகுதியில் விதைத்தார்கள். விறகு கிடைக்கும், வறண்ட தரை பசுமையாகும் என்று எண்ணிச் செய்த காரியம். விறகு கிடைத்தது உண்மைதான். ஆனால் மரம் நாம் போட்ட எல்லையில் நிற்கவில்லை.

இதன் காய் இனிப்பாக இருக்கும். ஆடு மாடு விரும்பித் தின்னும். விதை கெட்டியானது, செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியே வரும். எரு கூடவே இருப்பதால் முளைக்கக் கேட்கவேண்டுமா! மண்ணில் கிடக்கும் விதையும் பல வருஷம் உயிரோடு இருக்கும்.

வெட்டினால் ஏன் சாகவில்லை?

தரைக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேரும் தூரில்தான் இதன் உயிர் இருக்கிறது. அங்கே மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். தரைக்கு மேலே வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் நாலு கிளம்பும். அது முடி வெட்டிய கதைதான். ஆகவே மரத்தைச் சுற்றி ஓரடி ஆழம் தோண்டி, தூரை அடியோடு எடுக்கவேண்டும். கன்றுகளை மழை விட்டதும், மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்கிவிடலாம்.

ஏரிக்கரையில் மாத்திரம் அவசரப்படாதீர்கள். இயந்திரத்தைக் கரைமேல் ஏற்றிக் குடைந்தால் கரை பலவீனப்படும். கோடையில் ஆளை வைத்துத் தோண்டி, அன்றன்றைக்கே குழியில் மண் நிரப்பி, திமிசு போட்டு இறுக்குங்கள். புறம்போக்கு மரத்தைத் தொடுமுன் உரிய அதிகாரிகளிடம் அனுமதி பெறவேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

யாரைக் கூப்பிடுவது?

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருளர் குடும்பங்கள் இருக்கலாம். எலி பிடிக்கவும் வேலி கட்டவும் மட்டும் அவர்களைத் தேடுகிறோம். இந்தப் புதர்க்காட்டை அவர்களைப் போல் படித்தவர்கள் யார்? நம் நாட்டுக் கருவேலம் எது, வெள்வேல் எது, சீமை எது என்று கன்றிலேயே பிரித்துச் சொல்வார்கள். புதருக்குள் கண்ணாடிவிரியன் இருந்தால் நமக்கு முன் அவர்கள் கண்ணுக்குத்தான் தெரியும். 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் சங்கம் எடுக்கும் விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது.

அந்நிய உயிரினம் பெருகிவிட்டால் என்ன பாடு என்று அமெரிக்காவுக்கும் தெரியும். அங்கே புளோரிடாவில் பர்மா மலைப்பாம்பு பெருகி, காட்டு உயிர்களைத் தின்று தீர்த்தது. 2017-இல் நம் பக்கத்து இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்துப் போனார்கள். இரண்டு வாரத்துக்குள் அவர்கள் குழு 13 பாம்புகளைப் பிடித்தது. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்காக்காரன் கேட்ட யோசனையை நாம் கேட்கக் கூடாதா?

கூலி விஷயம்

ஒன்று கண்டிப்பாகச் சொல்லவேண்டும். சீமைக்கருவேலம் வெட்டிக் கரி போட்டுப் பிழைக்கிற இருளர் குடும்பங்கள் உண்டு. முன்பணம் கொடுத்து அவர்களைக் கட்டிப்போட்டு மரம் வெட்ட வைத்த கொடுமையும் நடந்திருக்கிறது. கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேலை முடிந்த அன்றே நியாயமான கூலியைக் கையில் கொடுங்கள். விறகிலும் பங்கு கொடுங்கள். மரமும் போய், பிழைப்பும் போய் அவர்கள் நிற்கக்கூடாது.

எடுத்த பிறகு?

வெறும் தரையாக விட்டால் அடுத்த மழைக்கே விதை முளைத்துவிடும். கரைமேல் பனை விதை ஊன்றுங்கள். மற்ற இடத்தில் புங்கன், வேம்பு, நாவல், இலுப்பை வையுங்கள். செங்கல்பட்டை அடுத்த தண்டரையில், 1986-இல் தொடங்கிய இருளர் பெண்கள் சங்கம் மூலிகைத் தோட்டமும் நாற்றங்காலும் வளர்த்துக் காட்டியிருக்கிறது. அந்நியத் தாவரங்களை அகற்றி, இடத்தைப் பழைய நிலைக்கு மீட்பதற்கென்று தமிழ்நாடு அரசும் 2022-இல் தனிக் கொள்கை வகுத்தது.

மூன்று வருஷமாவது, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஒரு நடை போய் முளைத்த கன்றைப் பிடுங்கவேண்டும். அந்த வேலையையும் அதே இருளர் குடும்பங்களிடம் கூலிக்கு ஒப்படையுங்கள். வெட்டுகிறவர் ஒரு நாளில் போய்விடுவார்; காக்கிறவர்தான் ஏரியை மீட்பார்.