திரைக்குள் ஆடுகளம் – 14: தோற்ற ஆட்டத்தைத் திறந்து பாருங்கள்

ஆன்லைனில் செஸ் ஆட வருகிற புதியவருக்கு முதல் வாரம் கசக்கும். லிசெஸ் தளத்தில் கணக்கு தொடங்கினால் எல்லோருக்கும் 1500 என்ற ரேட்டிங்தான் ஆரம்பம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும். காய் நகர்த்த மட்டும் தெரிந்தவரும் 1500, பத்து வருடம் ஆடி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவரும் 1500. இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்தால் என்ன நடக்கும்? புதியவர் தோற்பார். மறுபடி தோற்பார். ரேட்டிங் சரசரவென்று இறங்கும். நமக்கு இது வராது என்று பலர் அந்த வாரத்திலேயே செயலியை அழித்துவிடுகிறார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்தத்தான் இந்த அத்தியாயம்.

அந்த இறக்கம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். ஆட்டக்காரரின் பலத்தை எண்ணில் சொல்லும் முறையை வகுத்தவர் ஆர்பட் ஈலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்தவர். அவருடைய முறையை அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960-லும் உலக அமைப்பான ஃபிடே 1970-லும் ஏற்றன. 200 புள்ளி மேலே இருப்பவர் நூற்றுக்கு 76 புள்ளி எடுப்பார், 400 மேலே இருப்பவர் 91 எடுப்பார் என்பது அவருடைய கணக்கு. பிறகு மார்க் கிளிக்மன் என்ற புள்ளியியலாளர் இதோடு இன்னொரு எண்ணைச் சேர்த்தார். இந்த ரேட்டிங்கை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைச் சொல்லும் எண் அது. புதிய கணக்கில் நம்பிக்கை குறைவு என்பதால் ஒவ்வொரு தோல்விக்கும் ரேட்டிங் பெரிதாகக் குதிக்கும். கேள்விக்குறி நிற்பதும் அதற்காகத்தான். உங்களுக்குரிய இடத்தைத் தளம் தேடிக்கொண்டிருக்கிறது. தேடி முடித்ததும் குதிப்பு அடங்கிவிடும்.

அடங்கிய பிறகு வேறொரு குழப்பம் தொடங்கும். தளம் உங்களுக்குச் சமமான ஆளையே தேடிப்பிடித்துத் தருவதால், எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஏறக்குறைய பாதி ஆட்டத்தில் தோற்றுக்கொண்டேதான் இருப்பீர்கள். 900-ல் இருப்பவரும் பாதி தோற்கிறார், 1900-ல் இருப்பவரும் பாதி தோற்கிறார். வெற்றி தோல்வியை எண்ணிக்கொண்டு முன்னேற்றத்தை அளக்க முடியாது. புதியவர்களுக்கு இதை முதல் நாளே யாராவது சொல்ல வேண்டும். யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

எங்கள் திருவண்ணாமலையில் திருவூடல் தெருப் பக்கம் ஒரு பையன் இருக்கிறான். அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. 2022-ல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்த நேரத்தில் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்த செஸ் ஆர்வத்தில் காய் பிடிக்கக் கற்றவன். இப்போது அம்மாவின் போனில் ஆடுகிறான். “மாமா, ராத்திரி முப்பது ஆட்டம் ஆடினேன். 780-லயே நிக்குது, ஏறவே மாட்டேங்குது” என்றான். எல்லாமே மூன்று நிமிட ஆட்டங்கள். அதே பகுதியில் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். மெதுவாக ஆடுவார், கோயில் வெளிப்பிராகாரம் சுற்றுகிற நிதானம் அவருடைய ஆட்டத்திலும் இருக்கும். பையனை அவரிடம் அழைத்துப் போனேன்.

அவர் போனில் பையன் கடைசியாகத் தோற்ற ஆட்டத்தைத் திறக்கச் சொன்னார். அதை ஒவ்வொரு நகர்த்தலாகப் பலகையில் வைத்தார். பதினோராவது நகர்த்தலில் நிறுத்தினார். பையனின் குதிரைக்குக் காவல் இல்லை.

“தம்பி, இங்க என்ன நெனச்ச?”

“ஒண்ணும் நெனைக்கல சார். டைம் ஓடுச்சு, வெச்சுட்டேன்.”

“இதுக்கு முந்தின ஆட்டத்தையும் எடு.”

அதிலும் காவல் இல்லாமல் ஒரு மந்திரி போயிருந்தது. அதற்கு முந்தியதில் ஒரு யானை. மூன்று ஆட்டத்திலும் எதிராளி பெரிய தந்திரம் எதுவும் செய்யவில்லை. சும்மா நின்ற காயை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். பையன் முகம் மாறிவிட்டது. முப்பது ஆட்டத்தில் பார்க்காத ஒன்றை மூன்று ஆட்டத்தில் பார்த்துவிட்டான். “இனிமே ஒவ்வொரு தடவையும் கை வெக்கறதுக்கு முந்தி, அவன் எதை எடுக்க வர்றான்னு ஒரு வாட்டி கேட்டுக்கோ” என்று சொல்லி அனுப்பினார் பெரியவர். 800-க்குக் கீழே இருப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மூத்த ஆட்டக்காரரிடம் அப்படி என்னதான் இருக்கிறது? நம்மைவிட அறிவாளி, இருபது நகர்த்தல் முன்கூட்டியே பார்ப்பவர் என்று நினைக்கிறோம். நெதர்லாந்தின் ஆட்ரியான் டி குரூட் தொடங்கிவைத்த ஆய்வை 1973-ல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் நீட்டித்தார்கள். உண்மையான ஓர் ஆட்டத்தின் நடுநிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்துவிட்டு, திரும்ப அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார். புதியவருக்கு நாலைந்துதான் நினைவில் நின்றன. அதே காய்களை இஷ்டத்துக்கு இறைத்து வைத்துக் காட்டியபோது மாஸ்டரும் புதியவரைப் போலவே தடுமாறினார். ஆக, அவருடைய மூளை தனி ரகமில்லை. பலகையில் அடிக்கடி வரும் கூட்டணிகளை ஆயிரக்கணக்கில் பார்த்துப் பழகிய கண் அது. அந்தப் பழக்கத்தை வயதால் மட்டுமே சேர்க்க முடியும் என்றில்லை. தளங்களில் இருக்கும் பசில்கள் அதற்குத்தான்: குதிரை இரண்டு காயை ஒரே நேரத்தில் தாக்குவது, யானை கடைசி வரிசையில் இறங்கி மேட் வைப்பது, ராஜாவுக்கு முன்னால் கட்டுண்டு நகர முடியாமல் நிற்கும் காய். தினமும் இருபது நிமிடம், அவசரப்படாமல், விடை மனத்தில் முழுதாக வந்த பிறகே விரலை வைப்பது. ஊகத்தில் தட்டிப்பார்ப்பவருக்குக் கண் பழகாது.

எதை விடலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். புதியவர்கள் யூடியூபைப் பார்த்து ஓப்பனிங் பொறிகளை மனப்பாடம் செய்கிறார்கள். எதிராளி நாலாவது நகர்த்தலிலேயே பாதை மாறினால் அத்தனையும் வீண். ஒரே ஒரு பொறியைத் தெரிந்துகொண்டால் போதும், ஏனென்றால் அதில்தான் எல்லோரும் ஒரு முறை விழுகிறோம்: நாலு நகர்த்தல் மேட். ராஜா பக்கத்து மந்திரிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய்க்கு ஆரம்பத்தில் ராஜா மட்டுமே காவல். வெள்ளை தன் மந்திரியை அதற்குக் குறிவைத்து, ராணியைப் பலகையின் ஓரத்துக்குக் கொண்டு வந்துவிடும். பதற வேண்டாம். உங்கள் நடுச் சிப்பாய்க்குக் குதிரை காவல் இருக்கும்போது, ராஜா பக்கத்துக் குதிரையின் முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுங்கள். ராணி விலகியாக வேண்டும். அது பின்வாங்கி அதே சிப்பாயை நேர்வரிசையில் மறுபடி மிரட்டும். இப்போது ராஜா பக்கத்துக் குதிரையைக் குறுக்கே இறக்குங்கள். மிரட்டல் முடிந்தது, ராணியை அவசரமாக இழுத்து வந்த எதிராளிதான் இனி நேரம் இழந்து ஓடுவார்.

மிச்ச நேரத்தை ஆட்டத்தின் கடைசிக் கட்டத்துக்குக் கொடுங்கள். ராஜாவும் ஒரு சிப்பாயும் மட்டும் மிஞ்சியிருக்கும்போது, உங்கள் ராஜா ஆறாவது வரிசையில் தன் சிப்பாய்க்கு முன்னால் நின்றால், ஓரச் சிப்பாயாக இல்லாதவரை, யார் நகர்த்தும் முறையானாலும் வெற்றி உங்களுக்குத்தான். அதே ராஜா சிப்பாய்க்குப் பின்னால் நின்றால் பெரும்பாலும் டிராதான். இந்த ஒன்று தெரியாமல் கையில் வந்த ஆட்டத்தைக் கோட்டைவிடுகிற 1200-காரர்கள் ஏராளம்.

மூத்தவர்களோடு ஆடித்தான் வளர முடியும் என்பது பழைய உண்மை. 1972-ல் மேனுவல் ஆரோன் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் தால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் அவர். விஸ்வநாதன் ஆனந்த் அந்த கிளப்பில் வேக ஆட்டங்கள் ஆடி வளர்ந்தவர். தோற்றவர் எழுந்து இடம் கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் அங்கே இருந்தது. உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால் பெரியவர்களை ஜெயித்தாக வேண்டும். 1988-ல் அவர் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்தக் காலத்தில் திருவண்ணாமலையில் இருந்த ஒரு பையனுக்கு அப்படி ஓர் இடம் எட்டாத தூரம். இன்றைக்கு அவன் போனைத் திறந்தால் நள்ளிரவிலும் எதிராளி கிடைக்கிறார். 2022 பிப்ரவரியில் பதினாறு வயது பிரக்ஞானந்தா, ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் என்ற ஆன்லைன் போட்டியில் வீட்டிலிருந்தபடியே மாக்னஸ் கார்ல்சனை வென்றார். எதிராளி கிடைப்பதில் ஊருக்கும் ஊருக்கும் இருந்த இடைவெளி போய்விட்டது என்று நான் உறுதியாகச் சொல்வேன். கூட உட்கார்ந்து தோற்ற ஆட்டத்தைப் பார்க்கும் பெரியவர் கிடைப்பதில்தான் இடைவெளி அப்படியே இருக்கிறது.

நெட் விஷயமும் உண்டு. பௌர்ணமி இரவில் கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் வந்து சேரும்போது எங்கள் ஊரில் சிக்னல் திணறும். ஆட்டம் நடுவில் நின்றாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். 2020 ஆகஸ்டில் ஆன்லைன் ஒலிம்பியாட் இறுதிச் சுற்றிலேயே இந்திய வீரர்களின் இணைப்பு அறுந்து, கடைசியில் இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் சேர்த்தே தங்கம் கொடுத்தார்கள். நமக்கு அப்படி யாரும் பகிர்ந்து தரமாட்டார்கள். அந்த இரவுகளில் ரேட்டிங் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பலகையை எடுப்பது நல்லது.

குறுக்கு வழியாக, நல்ல நகர்த்தலைச் சொல்லிக்கொடுக்கும் கணினி நிரலான என்ஜினைப் பக்கத்தில் திறந்துவைத்து ஆடுகிறவர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். 2021 ஜூனில் நன்கொடைக்காக நடந்த ஆட்டத்தில் ஆனந்தை வென்ற ஒரு தொழிலதிபர், கணினி உதவி பெற்றதாக மறுநாளே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பிடிபடுவது ஒருபுறம் இருக்கட்டும். விடை கையில் இருக்கும்போது மூளை உழைக்காது, அதுதான் நிஜ நஷ்டம். குகேஷுக்குப் பயிற்சியளித்த விஷ்ணு பிரசன்னா, அவர் கிராண்ட்மாஸ்டர் ஆகும் காலம்வரை என்ஜின் இல்லாமலே பழக்கினார். அந்தச் சிறுவன்தான் 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று உலக சாம்பியன் ஆனார். தோற்ற ஆட்டத்தை முதலில் உங்கள் கண்ணால் பாருங்கள். எங்கே தவறினோம் என்று எழுதிவைத்த பிறகு என்ஜினைக் கேளுங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு. ஃபிடே ரேட்டிங் உள்ள நேரடிப் போட்டிகளில் பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு, 2300-ஐத் தொடும்வரை, ரேட்டிங் ஏற்ற இறக்கத்தின் அளவைத் தீர்மானிக்கும் பெருக்கெண் 40. 2400-ஐ எட்டாத பெரியவர்களுக்கு அது 20தான். 1500-ல் இருக்கும் உங்கள் மகள் 1700-ல் இருக்கும் மூத்தவரை வென்றால் அவளுக்கு 30 புள்ளி ஏறும், அவருக்கு 15 இறங்கும். மூத்தவர்களை எட்டிப்பிடிக்க இந்த விதியே வழி திறந்து வைத்திருக்கிறது, ஆனால் பதினெட்டு வயதுவரைதான். 2024 மார்ச்சில் ஃபிடே 2000-க்குக் கீழே இருந்தவர்களின் ரேட்டிங்கை உயர்த்திக் கடைசிப் படியையும் 1000-லிருந்து 1400-க்கு ஏற்றியதால், இனி நுழைகிறவரின் ஆரம்பம் 1400-க்குக் குறையாது. சென்னையில் போட்டி என்றால் செலவு, அலைச்சல் எல்லாம் உண்டு என்பது தெரியும். அதிகாலையில் கிளம்பும் சென்னைக் கடற்கரை ரயில் 2024 மே முதல் நம் ஊரிலிருந்தே புறப்படுகிறது. வருடத்துக்கு இரண்டு போட்டியாவது அழைத்துப் போங்கள். உள்ளூரில் செஸ் தெரிந்த ஓய்வுபெற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பள்ளி அறையைக் கேட்டு வாங்கி, நாலு பலகை போட்டு உட்காருங்கள். பிள்ளைகள் அந்த வாரம் தோற்ற ஆட்டங்களைப் போனில் கொண்டுவந்து உங்களிடம் காட்டட்டும்.

(தொடரும்)