பொன்னி நெல்லும் குலை நோயும்

ஆயர் ஈத்தாமில் நெல் வயல் இல்லை. ஆனாலும் அங்குள்ள தமிழர் வீடுகளுக்குப் பொன்னி அரிசி புதிதல்ல. அந்தப் பொன்னியின் பூர்வீகம் எது என்று கேட்டால், பலரும் தஞ்சாவூர் என்றே சொல்வார்கள். உண்மை வேறு. ஆயர் ஈத்தாமிலிருந்து ரயிலேறிக் கொடிமலை உச்சிக்குச் சென்று கிழக்கே பார்த்தால், கடலுக்கு அப்பால் செபராங் பிறை தெரியும். தைவானின் தைச்சுங் 65 நெல்லையும் மலாயாவின் மாயாங் எபோஸ் நெல்லையும் சேர்த்து உருவான மசூரி, அந்த மண்ணில் தேர்வு செய்யப்பட்டு 1965இல் வெளியானது. அது தமிழகம் சென்று, காவிரியின் பெயரான பொன்னியைப் பெற்றது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த வெள்ளைப் பொன்னியைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்டது.

இவ்வளவு சிறப்புள்ள பொன்னிக்கு ஒரு பலவீனம் உண்டு. அதுதான் குலை நோய்.

நோய் எப்படி வருகிறது?

நெல்லும் ஒருவகைப் புல்தான். மணிக்காக மனிதன் வளர்க்கும் புல். அதன்மேல் வாழும் ஒரு பூஞ்சையே குலை நோய்க்குக் காரணம். மலாய் விவசாயிகள் இதைக் 'காரா' என்பார்கள். பூஞ்சையின் வித்து காற்றில் பறந்து வந்து ஈரமான இலையில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு இலையின் தோலைத் துளைக்கிறது. அப்போது அது உண்டாக்கும் அழுத்தம், கார் டயரில் உள்ள அழுத்தத்தைப்போல் சுமார் 40 மடங்கு! கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிருக்கு இத்தனை பலம்.

முதலில் இலையில் கண் வடிவப் புள்ளிகள் தோன்றும். நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு நிறம். இந்த நிலையில் பயிரைக் காப்பாற்றலாம். கதிரின் கழுத்தைத் தாக்கினால்தான் ஆபத்து. கழுத்து கறுத்துவிட்டால் மணிக்குச் சத்து போகாது. தூரத்தில் கதிர் விளைந்ததுபோல் தெரியும். கையில் எடுத்தால் பதர். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். இங்கே அந்த உழக்கும் போய்விடுகிறது. 1919இல் தஞ்சை டெல்டாவில் இந்நோய் பெரும் சேதம் விளைவித்தது.

தடுப்பது எப்படி?

தடுப்பு விதையில் தொடங்க வேண்டும். நோயுற்ற வயலின் நெல்லை விதைக்கு வைக்கக்கூடாது. நல்ல நெல்லைப் பிரிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. தண்ணீரில் ஒரு முட்டையைப் போட்டு, அது மிதக்கும்வரை உப்பைக் கரைக்க வேண்டும். பிறகு முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டினால் பதரும் சொத்தையும் மேலே வரும். அவற்றை நீக்கி, மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அதன்பின் ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளைத் தண்ணீரில் கலந்து இரவு முழுதும் ஊறவைப்பது கோவை வேளாண் பல்கலைக்கழகம் கூறும் முறை.

அடுத்தது யூரியா. பயிர் கரும்பச்சையாக இருந்தால் விவசாயிக்கு மகிழ்ச்சி. பூஞ்சைக்கும் அதுவே விருந்து. உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போட வேண்டும். நெருக்கி நடக்கூடாது. வயல் காயவும் விடக்கூடாது.

மருந்து தெளிப்பதிலும் காலம் முக்கியம். கழுத்து கறுத்தபின் தெளிப்பது பணத்தை வயலில் கொட்டுவதற்குச் சமம்; கதிர் வெளிவரும் நேரத்திலேயே தெளிக்க வேண்டும். அதற்காக அளவு மீறினால் மருந்தின் மிச்சம் அரிசியில் தங்கும். குலை நோய்க்கான டிரைசைக்லசோல் மருந்தின் அனுமதி அளவை ஐரோப்பிய ஒன்றியம் கடுமையாகக் குறைத்தபோது, 2018இல் இந்தியப் பாஸ்மதி ஏற்றுமதியாளர்கள் திண்டாடினார்கள்.

அப்படியானால் நோய் தாங்கும் ரகம் போதாதா? போதாது. 2001இல் மலேசியாவின் மார்டி வெளியிட்ட எம்.ஆர். 219 ரகம் நாடெங்கும் பரவியது. பின்னர் அந்த ரகத்தையே தாக்கவல்ல பூஞ்சை வகைகள் காணப்பட்டன. எங்கும் ஒரே ரகமாக இருந்தால், ஒரு பூட்டைத் திறக்கக் கற்ற திருடனுக்கு எல்லா வீடும் திறந்த வீடுதான். ஆகவே ரகத்தை மாற்றி மாற்றிப் பயிரிட வேண்டும். சான்று பெற்ற விதையையே வாங்க வேண்டும்.

ஆயர் ஈத்தாமில் உலை கொதிக்க வேண்டுமானால், எங்கோ ஒரு வயலில் கதிரின் கழுத்து கறுக்காமல் இருக்க வேண்டும். அந்தக் காவல் விதைநெல்லை அலசும் நாளிலேயே தொடங்குகிறது.