கஷாயத்தைப் பற்றி டாக்டர் கேட்பதில்லை

நாகர்கோவில் வண்டியில் வந்து திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்குபவர்களில் பலர் வைத்தியத்துக்காக வருபவர்கள். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், 1889-இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய ஆயுர்வேதக் கல்லூரி. பஸ் ஏறினால், 1951-இல் வந்த மருத்துவக் கல்லூரி. அதையொட்டியே இதய நோய்க்குப் பேர்போன ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம். நோயாளிகள் இரண்டு பக்கமும் தாராளமாகப் போய்வருகிறார்கள். எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம்தான் ஆயுர்வேதத்தின் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை.

மாற்று மருத்துவம் குறித்துப் பல நாடுகளில் மருத்துவ மாணவர்களிடம் நடந்த ஆய்வுகளில் அடிக்கடி தென்படுவது இது: ஆர்வம் உண்டு, அறிவு குறைவு. நம் வீடுகளில் இது இன்னும் வேடிக்கை. பாட்டி காய்ச்சிய கஷாயத்தில் வளர்ந்த பிள்ளை, ஸ்டெதஸ்கோப் மாட்டியதும் 'அதெல்லாம் சும்மா' என்கிறது. மருந்தியல் தேர்விலோ, சர்ப்பகந்தா வேரிலிருந்து வந்த ரெசர்பின் பற்றி எழுதி மார்க் வாங்குகிறது! ரத்தக் கொதிப்புக்கு அந்த வேரை நோயாளிகளுக்குக் கொடுத்து, அளந்து பார்த்து, 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதியவர் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல். பழைய மருந்து என்பதற்காக அவர் அதை நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை.

மாணவரின் ஏளனம், கஷாயம் சாப்பிடும் நோயாளியின் வாயை அடைத்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். செயற்கை இதய வால்வு பொருத்தியவரை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீ சித்திரை நிலையமே உருவாக்கிய வால்வு 1990 முதல் பொருத்தப்படுகிறது. இத்தகைய இயந்திர வால்வு உள்ளவர் ஆயுள் முழுக்க வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமை மருந்து சாப்பிட வேண்டும். சில மூலிகைகள் அதன் வீரியத்தைக் கூட்டும், சில குறைக்கும். கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி. இருமலுக்கு நாம் மெல்லும் அதிமதுரத்தை நாள்கணக்கில் அதிகம் சாப்பிட்டால் உடலில் உப்பு தங்கி ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். டிகாக்சின் சாப்பிடும் இதய நோயாளிக்கு அது இதயத் துடிப்பையே தடுமாற வைக்கலாம்.

ஆயுர்வேத முதுநிலை மாணவர்கள் அறுவை சிகிச்சை செய்யலாமா என்று கேட்டு 2020 டிசம்பர் 11 அன்று நாடு முழுக்க அலோபதி டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கத்தி யார் கையில் என்பதற்கு அவ்வளவு சண்டை. 'வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்பது யார் வேலை என்பதற்குச் சண்டையே இல்லை. 2021 விதிகளின்படி ஹவுஸ் சர்ஜன்கள் ஒரு வாரம் ஆயுஷ் பிரிவில் இருக்க வேண்டும். ஒரு வாரத்தில் ஆயுர்வேதமோ சித்தமோ வராது. முகம் சுளிக்காமல் கேட்கப் பழகலாம்.

டாக்டர்கள் அப்படிப் பழகும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாத்திரைச் சீட்டோடு கஷாய பாட்டிலையும் லேகிய டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் எடுத்து மேசைமேல் வையுங்கள்.