பகைவனைக் காட்டும் மரபணு

காஞ்சிரங்குளம், நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்தில் 'ஆர்.சி.சி.' என்னும் பெயரை அறியாதார் இலர். 1981 ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையமே அது. புற்றுநோய்க்கு அறுவை, கதிர்வீச்சு, மருந்து என்னும் வழிகளை மக்கள் அறிவர். இப்போது நோயாளியின் சொந்தக் குருதியணுக்களையே மருந்தாக்கும் வழியும் வந்துள்ளது.

குருதியிலுள்ள டி அணுக்கள் உடலின் காவலர்கள். கிருமி புகுந்த அணுவைக் கண்டால் அவை தாக்கி அழிக்கும். புற்றணுவோ வெளியிலிருந்து வந்ததன்று. நம் உடலிலேயே பிறந்து நெறி தவறியது. வீட்டுப்பிள்ளையே திருடனானால் காவல்நாய் குரைக்குமா? ஆகவே டி அணுக்கள் பல வேளைகளில் புற்றணுவை விட்டுவிடுகின்றன.

மருத்துவர்கள் நோயாளியின் டி அணுக்களைப் பிரித்தெடுத்து, பகைவனை இனங்காட்டும் மரபணு ஒன்றை அவற்றுள் செலுத்துகின்றனர். அதைச் சுமந்து செல்வது ஒரு வைரஸ்! அணுவுக்குள் நுழைந்து தன் மரபணுவைப் பதிப்பது வைரஸின் இயல்பன்றோ? எச்.ஐ.வி. சேர்ந்துள்ள லென்டிவைரஸ் குடும்பத்து வைரஸை எடுத்து, அது பெருகாதவாறு மாற்றி, தூதனாக்கினர். மரபணுவைப் பெற்ற டி அணுவின் மேற்பரப்பில் கொக்கி போன்ற புரதம் முளைக்கும். பி அணுக்களின் மேலுள்ள 'சிடி 19' என்னும் புரதத்தை அது பற்றும். ஆய்வகத்தில் பெருக்கிய இவ்வணுக்களை மீண்டும் நோயாளியின் குருதியில் செலுத்துவர். இதன் பெயர் 'கார்-டி' சிகிச்சை. (சாலையில் ஓடும் காருக்கும் இதற்கும் தொடர்பில்லை.)

2012 ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் இச்சிகிச்சை பெற்ற ஆறு வயதுச் சிறுமி எமிலி வொயிட்ஹெட், கடுங்காய்ச்சலால் இறப்பின் விளிம்பிற்கே சென்றாள். விழித்தெழுந்த படை வரம்பின்றிப் போரிட்டதே காரணம். மூட்டுவாதத்திற்குத் தரும் மருந்தொன்று அவளைக் காத்தது, புற்றுநோயும் நீங்கியது. ஆயினும் இச்சிகிச்சை அனைவருக்கும் பலித்துவிடுவதில்லை. சிடி 19 உள்ள நல்ல பி அணுக்களும் அழிவதால், தொற்றுநோய்கள் எளிதில் பற்றும்.

இந்தியாவில் மும்பை ஐ.ஐ.டி.யின் ராகுல் புர்வார் குழுவினரும் டாடா நினைவு மருத்துவமனையினரும் இணைந்து 'நெக்ஸ்கார் 19' என்பதை உருவாக்கினர். 2023 அக்டோபரில் அதற்கு அரசு ஒப்புதல் கிடைத்தது. முன்னைய சிகிச்சைகளுக்குப் பின்னும் மீண்டு வரும் சிலவகைக் குருதிப் புற்றுநோய்களுக்கே இது உரியது. வெளிநாட்டுச் செலவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு போதும் என்றாலும், அதுவும் பல லட்சம் ரூபாய். கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்திற்கு அது இன்னும் எட்டாத உயரமே. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, இவ்வணுக்களைத் தன் மருத்துவமனையிலேயே உருவாக்கிச் செலவைக் குறைக்கும் முயற்சியில் ஈடுபட்டுள்ளது.